விட்டுச் சென்ற கனல்

லோயர் கேம்ப் என்ற பெயரில் ஒரு தமிழ்ச் சொல்கூட இல்லை. ஆனாலும் கம்பம் பள்ளத்தாக்கில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் அந்தப் பெயரைச் சுருளி, கூடலூர் என்று சொல்வதைப்போல இயல்பாகச் சொல்லுவாள். கூடலூரைத் தாண்டி, குமுளி மலைப்பாதை ஏறத் தொடங்குவதற்கு முன்னால், மலையின் பாதத்தில் கிடக்கும் சிற்றூர் அது. கேம்ப் என்றால் தங்கிப் போகிற இடம். பெயருக்கு ஏற்றாற்போல் அது இன்றைக்கும் வழிப்போக்கர்களின் இடமாகவே இருக்கிறது. தண்ணீர்கூட அங்கே ஒரு வழிப்போக்கன்தான். மேற்கே கடலுக்குப் போயிருக்க வேண்டிய பெரியாற்று நீர், 1895இல் திறக்கப்பட்ட அணையால் திரும்பி, மலையைக் குடைந்து வந்து, ராட்சதக் குழாய்களில் இறங்கி, 1958 முதல் அங்கே மின்சாரமும் தந்துவிட்டு, வைகையைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறது.

கார்த்திகை, மார்கழி மாதங்களில் அந்தச் சாலையைப் பார்க்க வேண்டும். சபரிமலைக்குப் போகிறவர்கள் வேன் வேனாக வருவார்கள். மரத்தடி கண்ட இடத்தில் வண்டி நிற்கும். பாத்திரங்கள் இறங்கும். மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டிப் பொங்கிச் சாப்பிட்டுவிட்டு மலையேறிப் போய்விடுவார்கள். அந்த மூன்று கல்லும் கரியேறிக் கறுத்து அங்கேயே கிடக்கும். அடுத்து வருகிறவர் அதன்மேல் தம் பானையை வைப்பார். அந்த அடுப்பை வைத்தவர் யார் என்று எவருக்கும் தெரியாது. அதற்குப் பட்டாவும் இல்லை, பூட்டும் இல்லை.

அப்படிப்பட்ட ஓர் அடுப்பைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இது சமையல் குறிப்பா, நீதிக் கட்டுரையா என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றுதானோ என்ற சந்தேகம் எனக்குச் சில காலமாக உண்டு.

2017ஆம் ஆண்டு மார்கழியில் நானும் நண்பர் ஒருவரும் அவருடைய மனைவி மக்களும் அந்தப் பக்கம் போயிருந்தோம். மதியம் சாய்ந்து கொண்டிருந்தது. பொடித் தூற்றல். ஆற்றை ஒட்டிய ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். சமைத்துச் சாப்பிடலாம் என்றது நான். நண்பருக்கு அதில் விருப்பமே இல்லை.

"வந்த இடத்தில் நாக்குக்கு ருசி எதற்கு? வயிறு நிறைந்தால் போதாதா? கம்பத்தில் நாலு பொட்டலம் கட்டி வாங்கியிருந்தால் இந்நேரம் சாப்பிட்டு முடித்திருப்போம்" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுப்பு இருந்தது. விறகு இல்லை. சுற்றிக் கிடந்த சுள்ளியெல்லாம் நனைந்து ஊறியிருந்தது. நாங்கள் கொண்டுபோயிருந்தது ஒரு சிறு சாக்கில் கருவேலங்கரி மட்டுமே. கரி எளிதில் பற்றாது. அதைப் பற்றவைக்க முதலில் ஒரு நெருப்பு வேண்டும். தீக்குச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கிழித்துத் தோற்றுப் போனோம். சலிப்போடு அடுப்புச் சாம்பலின்மேல் கையை நீட்டியபோது உள்ளங்கையில் லேசாகச் சூடு தட்டியது. குச்சியால் கிளறிப் பார்த்தேன். சாம்பலுக்கு அடியில் நாலைந்து கங்குகள் கண் விழித்துப் பார்த்தன.

அவை தாமாக மிஞ்சிய கங்குகள் அல்ல. ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் அடுக்கி, மேலே சாம்பலைப் போர்த்தி, அதன்மேல் மழை படாதபடி ஓர் உடைந்த ஓட்டுச் சில்லையும் கவிழ்த்து வைத்திருந்தார்கள். காலையில் அங்கே சமைத்த யாரோ ஒருவர், மாலையில் வரப்போகும் யாரோ ஒருவருக்காகச் செய்த காரியம் அது. நான் அந்த யாரோ ஒருவனாக அமைந்தேன். என் வாழ்நாளில் எனக்கு எத்தனையோ பேர் உதவியிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் என் முகம் தெரியும். முகம் தெரியாமலே எனக்கு நெருப்புக் கொடுத்தவரை நினைத்தபோது தொண்டை கட்டிக்கொண்டது.

பிறகு சமையல் நடந்தது. கரியடுப்பில் அவசரப்படுகிறவனுக்குச் சோறு கிடையாது. சுடர் எழும்பி ஆடும்போது பாத்திரத்தை வைத்தால் வெளியே கருகும், உள்ளே வேகாது. சுடர் அடங்கி, கரியின்மேல் வெண்சாம்பல் பூத்து, உள்ளே செக்கச் சிவந்து நிற்கும் வரை கைகட்டிக் காத்திருக்க வேண்டும். பாத்திரத்தின் புறத்தில் ஈரச் சாம்பலை அப்பிவிட்டால் பிறகு கரியைத் தேய்த்துக் கழுவுவது சுலபம். தீயைக் கூட்டிக் குறைக்க அங்கே திருகு இல்லை. சூடு மிஞ்சினால் பாத்திரத்துக்கு அடியில் இன்னொரு கல்லைச் செருகி உயர்த்த வேண்டும். சூடு குறைந்தால் கங்குகளை நெருக்க வேண்டும். உள்ளங்கையை ஒரு சாண் உயரத்தில் நீட்டி, எத்தனை எண்ணும் வரை பொறுக்க முடிகிறது என்று பார்த்தால் தீயின் அளவு தெரிந்துவிடும். சோறு வெந்து இறங்கிய பிறகு, அடங்கிய தணலில் கத்தரிக்காய்களைப் புதைத்தோம். தோல் கருகிச் சுருங்கி, காய் தளர்ந்ததும் எடுத்து உரித்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் புளிக்கரைசலும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, நல்லெண்ணெய் இரண்டு கரண்டி விட்டார் நண்பரின் மனைவி. அதற்குமேல் ஒன்றுமில்லை. வேண்டியும் இருக்கவில்லை. பொட்டலச் சோற்றைப் பற்றிப் பேசிய நண்பர் மூன்றாம் முறை சோறு கேட்டார்.

அவருடைய கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். வந்த இடத்தில் ருசி எதற்கு? ருசி என்பது நெய்யிலும் முந்திரியிலும் இருக்கிற ஆடம்பரம் என்று நினைத்தால் அவர் கேட்டது சரி. ஆனால் அன்றைக்கு எங்களிடம் ஆடம்பரம் எதுவும் இல்லையே! மூன்று கல், கொஞ்சம் கரி, நாலு காய். அந்த ருசி எங்கிருந்து வந்தது? கவனத்திலிருந்து வந்தது. வசதியுள்ள அடுப்பில் நம் கவனக்குறைவை அடுப்பே மன்னித்துவிடும். ஏழை அடுப்பு மன்னிக்காது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, கல் ஆடுகிறதா, கங்கு சரிகிறதா என்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத்தான் அது சோறு போடும். நல்ல உணவு என்பது, தன் முன்னால் இருக்கிற பொருளுக்கும் தன்னோடு உண்ண வந்தவருக்கும் ஒருவன் செலுத்துகிற கவனம். அது வீட்டில் வேண்டும் என்றால், வெளியிலும் வேண்டும். வெளியில் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும்.

இது புதிய செய்தியும் அல்ல. லோயர் கேம்ப்புக்கு மேலே, மலைமுகட்டில், மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமியன்று பளியன்குடி வழியாக ஜனங்கள் காட்டுப் பாதையில் ஏறிப் போகிறார்கள். மதுரையை விட்டு மேற்கே நடந்த கண்ணகி வந்து சேர்ந்த மலை இதுதான் என்பது அந்தப் பள்ளத்தாக்கின் நம்பிக்கை. அந்தக் கண்ணகி கோவலனுக்குக் கடைசியாகச் சமைத்தது தன் வீட்டு அடுப்பிலா? இல்லை. புகார் நகரத்து மாளிகைப் பெண், மதுரைக்கு வெளியே ஆயர்சேரியில், மாதரி கொடுத்த காயையும் அரிசியையும் பாலையும் கொண்டு, ஐயை மூட்டிக் கொடுத்த நெருப்பில் சமைத்தாள். காய் அரிந்த விரல் சிவந்தது, புகையில் கண் சிவந்தது என்று இளங்கோவடிகள் எழுதி வைத்திருக்கிறார். வந்த இடம்தானே, ஏதோ வயிற்றுக்கு இருந்தால் போதும் என்று அவள் நினைக்கவில்லை. நல்ல வேளை. அது கணவனுக்கு அவள் இட்ட கடைசிச் சோறு.

இருக்கட்டும். என் கதை இன்னும் முடியவில்லை. என் தலை குனிந்த பகுதி இனிமேல்தான் வருகிறது.

2019 மாசி மாதக் கடைசியில் மறுபடியும் அதே சாலையில் போக நேர்ந்தது. இம்முறை நானும் என் தம்பி மகனும் மட்டும். அதே புளியமரம், அதே மூன்று கல். சுள்ளிக்குப் பஞ்சமில்லை. எல்லாம் காய்ந்து, தொட்டால் முறிந்தது. கஷ்டமில்லாமல் அடுப்பு பற்றியது. சமைத்தோம், சாப்பிட்டோம், பாத்திரம் கழுவினோம். கிளம்புகிற நேரத்தில் எனக்கு அந்த மார்கழி மாலை நினைவுக்கு வந்தது. ஒரு கடன் பாக்கியிருக்கிறதே! முகம் தெரியாதவரிடம் வாங்கிய நெருப்பை, முகம் தெரியாத இன்னொருவருக்குக் கொடுத்துத்தானே தீர்க்க முடியும்? கங்குகளை ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கினேன். புதிதாக இரண்டு கரித்துண்டுகளையும் சேர்த்துவைத்தேன். சாம்பலைப் போர்த்தினேன். தம்பி மகனுக்கு அதன் தத்துவத்தையும் விளக்கினேன். அவன் பேசாமல் கேட்டுக்கொண்டான். மிகுந்த திருப்தியோடு வண்டியில் ஏறினேன்.

அரை மைல் போயிருக்க மாட்டோம். அன்னக் கரண்டியைக் கல்லின்மேலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனால், அங்கே ஒரு பெரியவர், பக்கத்துத் தோப்பில் காவல் இருப்பவர்போல் தெரிந்தது, ஒரு தகரக் குவளையில் ஆற்றுத் தண்ணீரை மொண்டு மொண்டு வந்து அடுப்பில் ஊற்றிக்கொண்டிருந்தார். என் கடன், என் தத்துவம், எல்லாம் 'சொய்' என்று புகைந்துகொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன பெரியவரே, அடுத்து வருகிறவருக்கு ஆகட்டும் என்று நான் மூடி வைத்துவிட்டுப் போனேன். அதைப் போய் அணைத்துவிட்டீர்களே?" என்றேன்.

அவர் குவளையைக் கீழே வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அடுத்து வர்றது மனுசனா காத்தான்னு ஒங்களுக்குத் தெரியுமாங்கய்யா?"

எனக்குப் பேச்சு எழவில்லை. அவரே மலையைக் கையால் காட்டினார். புல்லெல்லாம் வைக்கோல் நிறத்தில் நின்றது. மரங்களுக்கு அடியில் முழங்கால் உயரத்துக்குச் சருகு. "போன வருசம் குரங்கணியில என்ன நடந்துச்சுன்னு பேப்பர்ல படிச்சிருப்பீகளே. படிச்சவுக நீங்க" என்றார். அதில் குத்தல் இல்லை. வருத்தம்தான் இருந்தது.

படித்திருந்தேன். 2018 மார்ச் 11. அதே தேனி மாவட்டம். போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலையில் நடைப்பயணம் வந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் இளவயதினர். அந்தத் தீ எப்படி மூண்டது என்ற விசாரணைக்குள் நான் போகவில்லை. காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்தால் ஒரு மலைச்சரிவு எவ்வளவு வேகமாக எரியும் என்பது மட்டும் அன்றைக்கு நாடறியத் தெரிந்தது. அதெல்லாம் தெரிந்திருந்தும்தான் நான் மாசி மாதக் காற்றில், சருகுக்கு நடுவில், நெருப்பைப் பொதிந்து வைத்துவிட்டுப் பெருமையோடு வண்டி ஏறினேன்.

என்னைத் தொந்தரவு செய்வது, நான் செய்தது தவறு என்பது அல்ல. அதை ஒப்புக்கொள்வது எளிது. நான் செய்தது, அந்த மார்கழியில் எனக்கு உதவிய மனிதர் செய்த அதே செயல் என்பதுதான் தொந்தரவு செய்கிறது. ஒரு கங்கு கூடவில்லை, ஒரு பிடி சாம்பல் குறையவில்லை. அவர் செய்தது புண்ணியம் என்றால் நான் செய்தது எப்படிப் பாவமாகும்? நான் செய்தது பாவம் என்றால், அவரை அல்லவா நான் முதலில் குற்றம் சொல்ல வேண்டும்? அந்த நெருப்பில் பொங்கிய சோற்றை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு?

வெகு நாள் யோசித்தேன். எனக்குக் கிடைத்த விடை இது. அவர் தூற்றலைப் பார்த்தார். மண் நனைந்திருப்பதைப் பார்த்தார். சுள்ளி பற்றாது, வருகிறவன் தவிப்பான் என்று பார்த்தார். பார்த்துவிட்டுச் செய்தார். நான் எதைப் பார்த்தேன்? என் கடனைப் பார்த்தேன். அடுத்து வரப்போகிறவனை நான் நினைக்கவே இல்லை. நினைத்திருந்தால், சுள்ளியெல்லாம் காய்ந்து கிடக்கிறது, அவனுக்கு என் கங்கு தேவையே இல்லை என்பது ஒரு நொடியில் புரிந்திருக்கும். தீக்குச்சி ஒன்று போதும் அவனுக்கு. நான் வேண்டியது அவனுடைய சௌகரியம் அல்ல, என் மனத்தின் நிம்மதி. கத்தரிக்காய் கருகாமல் பார்த்துக்கொண்ட கண், காற்றைப் பார்க்கவில்லை. சமையலுக்குச் செலுத்திய கவனத்தில் கால் பங்கை அறத்துக்குச் செலுத்தியிருந்தால் போதும்.

நல்ல செயலைக் காப்பியடிக்க முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதன் உருவத்தை எடுத்துக்கொண்டு அதன் கண்ணை விட்டுவிட்டால், அது வேறு செயலாகிவிடுகிறது. தருமத்தில் பரம்பரையாக நாம் செய்து வருகிற எத்தனையோ காரியங்கள் இப்படி ஆகிவிட்டன அல்லவா? மார்கழியில் யாரோ கண் விழித்துச் செய்ததை, மாசியில் நாம் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறோம்.

அப்படியானால் நன்றிக் கடனை எப்படித்தான் தீர்ப்பது? அதற்கும் லோயர் கேம்ப்பிலேயே விடை இருக்கிறது. பெரியாற்று அணையைக் கட்டிய பென்னிகுவிக்குக்கு அங்கே 2013இல் மணிமண்டபம் திறந்தார்கள். அவர் பிறந்தது 1841 ஜனவரி 15. பொங்கலையொட்டி வருகிற அந்த நாளில் பள்ளத்தாக்கு விவசாயிகள் அங்கே கூடிப் பொங்கல் வைக்கிறார்கள். திறந்த வெளியில் அடுப்பு மூட்டிப் பானையேற்றுகிறார்கள். தன் ஊரைவிட்டு வந்த இடத்தில் ஒருவன் செய்த வேலைக்கு அவர்கள் செலுத்தும் நன்றி அது. அவன் அணை கட்டினான் என்பதற்காக அவர்கள் ஆளுக்கு ஓர் அணை கட்டவில்லை. அவன் கொண்டுவந்த தண்ணீரில் விளைந்ததைச் சமைத்து, கூடியிருந்து உண்கிறார்கள். வாங்கியதை அதே உருவத்தில் திருப்பித் தருவது வட்டிக்கடை வழக்கம். நன்றி என்பது, வாங்கியது நம் கையில் என்னவாக விளைந்தது என்று காட்டுவது.

கண்ணகியிடம் இன்னொரு முறை போகிறேன். ஐயை மூட்டிய தீயில் சோறு சமைத்த அதே பெண்தான் மதுரையை எரித்தாள். அடுப்பில் எரிந்ததும் மாடத்தில் எரிந்ததும் ஒரே நெருப்பு. ஆனால் அத்தனை ஆவேசத்திலும் அவள் தீக்கடவுளிடம் ஒரு வரம்பு சொன்னாள். முதியோரை விடு, குழந்தைகளை விடு, பசுவை விடு, அறவோரை விடு, பத்தினிப் பெண்டிரை விடு என்றாள். ஊரைக் கொளுத்தத் துணிந்தவள்கூட, நெருப்பை அதன் போக்கில் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று அறிந்திருந்தாள். சோறு பொங்க வந்த எனக்கு அது தெரியவில்லை.

ஆஸ்திரேலியாவில் குடியேறிய உறவினர் ஒருவர் சொல்லுவார். அங்கே பூங்காக்களில் ஊராட்சி மன்றமே பொது அடுப்பு வைத்திருக்கிறதாம். யார் வேண்டுமானாலும் வந்து வாட்டிச் சாப்பிடலாம். காசு கேட்பதில்லை. போகும்போது அடுத்தவருக்காகத் துடைத்து வைத்துவிட்டுப் போவது வழக்கம். ஆனால் வெயிலும் காற்றும் மிஞ்சிய நாட்களில், இன்று திறந்த வெளியில் விறகோ கரியோ எரிக்கக் கூடாது என்று அரசாங்கம் அறிவித்துவிடும். மீறினால் தண்டனை. அங்கே சட்டம் சொல்வதைத்தான் இங்கே ஒரு காவற்காரர் தகரக் குவளையால் சொன்னார். சட்டம் எல்லா ஊருக்கும் வந்து சேராது. வந்தாலும் எல்லா மரத்தடியிலும் வந்து நிற்காது. அந்த இடத்தில் மனிதன்தான் நிற்க வேண்டும்.

அன்றைக்கு நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "தண்ணிய மட்டும் ஊத்திட்டுப் போனாப் பத்தாதுங்கய்யா. மேல ஈரமா இருக்கும், அடியில உசுரோட கெடக்கும்" என்று சொல்லி, குச்சியால் கிளறிவிட்டு மறுபடி ஊற்றினார். பிறகு புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பார்த்து, சூடு அடங்கியது தெரிந்த பிறகு சாம்பலில் கையையே வைத்துக் காட்டினார். நெருப்பை மூட்டும்போது நான் உள்ளங்கையால் அளந்தேன். அவர் அதை அணைத்த பிறகும் அளந்தார். எங்கள் இருவருக்கும் இருந்த வித்தியாசம் அதுதான்.

வண்டியில் மிச்சமிருந்த சோற்றையும் கத்தரிக்காயையும் அவருக்கு இலையில் வைத்துக் கொடுத்தேன். கல்லின்மேல் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார்.

"எப்படியிருக்கிறது?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் வச்சிருக்கீக. புளி ஒரு பொட்டுக் கூடிப்போச்சு" என்றார்.

அதற்குப் பிறகும் பல இடங்களில் வழியோரத்தில் சமைத்திருக்கிறேன். மண் ஈரமாக இருக்கிறதா, காற்று எப்படி இருக்கிறது என்று முதலில் பார்க்கிறேன். சில நாட்களில் அடுப்பையே மூட்டாமல், கையில் இருக்கிற பழத்தைத் தின்றுவிட்டு நகர்ந்துவிடுகிறேன். மூட்டினால், அணைத்துக் கிளறி, மறுபடி அணைத்து, கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். கங்கை விட்டு வருவதில்லை. வேறு யாராவது அங்கே வண்டியை நிறுத்தி இறங்கினால், "வாங்க, அடுப்பு தயாராக இருக்கிறது" என்று சொல்லி, என் கண் எதிரிலேயே கைமாற்றிக் கொடுக்கிறேன். யாரும் வராவிட்டால், காய்ந்த சுள்ளிகள் கொஞ்சம் பொறுக்கி, மழை படாத பொந்தில் செருகிவிட்டு வருகிறேன். சுள்ளி தானாக எரியாது. வருகிறவன் மனிதனாக இருந்தால் அவனுக்கு அது உதவும். காற்றாக இருந்தால் உதவாது.

மார்கழியில் எனக்கு நெருப்பு வைத்துவிட்டுப் போன அந்த மனிதர் இதை ஒப்புக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன். மாசி மாதத்தில் வந்திருந்தால் அவரும் அந்தத் தகரக் குவளையைத்தான் தேடியிருப்பார்.